விலங்குகள் சாலை கடக்க அரசுப் பணம்: எந்தக் கணக்கிலிருந்து, எதற்கு?

சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டுக்கும் அதையடுத்த நீர்ப்பிடிப்புக் காட்டுக்கும் நடுவே 1986இல் ஒரு விரைவுச்சாலை வந்தது. பிரிந்துபோன அந்த இரண்டு காடுகளையும் திரும்பச் சேர்க்கிற ஈகோ-லிங்க் பாலம் 2013இல்தான் கட்டி முடிந்தது. 62 மீட்டர் நீளம், மிகக் குறுகலான இடத்திலும் 50 மீட்டர் அகலம், மேலே முழுக்க மண்ணும் மரமும். செலவு சுமார் 1.6 கோடி சிங்கப்பூர் டாலர். இன்று அழுங்கும் மரநாயும் அதில் நடந்து போகின்றன. சந்தோஷமான விஷயம். ஆனால் சாலை வந்ததற்கும் பாலம் வந்ததற்கும் நடுவே 27 ஆண்டு ஓடிவிட்டது. வண்டிகள் பறந்துகொண்டிருக்கும் சாலையின் தலைக்கு மேலே கட்ட வேண்டியிருந்தது. சாலை போடும்போதே வரைபடத்தில் அந்தப் பாலமும் இருந்திருந்தால் வேலையும் எளிதாக முடிந்திருக்கும், இடையில் அடிபட்டுச் செத்தவையும் பிழைத்திருக்கும்.

விலங்குகள் சாலை கடக்க அரசு பணம் தர வேண்டும் என்றால் இப்போது யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. எதிர்ப்பு இல்லாததாலேயே ஒரு அசட்டை வந்துவிட்டது. யாராவது பச்சைப் பசேலென்று ஒரு பாலத்தின் படத்தைக் காட்டுகிறார்கள். 'இதுபோல் ஒன்று இங்கேயும் வேண்டும்' என்கிறோம். பணத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது, எடுத்ததை எதில் போடுவது என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே நின்றுவிடுகின்றன. இரண்டுக்கும் பல விடைகள் உண்டு. எல்லாம் ஒரே தரம் இல்லை.

இது யாருடைய செலவு?

வட அமெரிக்கச் சாலைகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மான்மீது வண்டி மோதினால் சமூகத்துக்கு ஆகும் சராசரிச் செலவை 6,617 அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. எல்க் மான் என்றால் 17,483 டாலர், மூஸ் என்னும் மிகப் பெரிய மான் என்றால் 30,760 டாலர். வண்டிப் பழுது, மருத்துவச் செலவு, மனித உயிரிழப்பு எல்லாம் அதில் அடக்கம். ஒரு கிலோமீட்டரில் ஆண்டுக்குச் சராசரியாக 3.2 மான் மோதல் நடந்தாலே போதும், வேலி, சுரங்கப்பாதை, வேலிக்குள் மாட்டிக்கொண்ட விலங்கு வெளியே குதித்துப் போக ஒரு மண்மேடு ஆகிய மூன்றையும் கட்டுவது கட்டாமல் விடுவதைவிட மலிவு என்று அந்த ஆய்வு காட்டியது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நெடுஞ்சாலைத் துறைகள் தாமாகவே ஏன் கட்டுவதில்லை? மிச்சமாகும் பணம் அவர்கள் பெட்டிக்கு வருவதில்லை என்பதுதான் காரணம். செலவு நெடுஞ்சாலைத் துறையின் ஏட்டில் ஏறுகிறது. இலாபமோ காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், வண்டி வைத்திருப்பவருக்கும், பிள்ளையைப் பறிகொடுக்காமல் தப்பிய ஒரு குடும்பத்துக்கும் போய்ச் சேர்கிறது. இப்படிச் சிதறிக் கிடக்கும் இலாபத்தைச் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அரசு. அதனால்தான் இது அரசு செய்ய வேண்டிய செலவு. இரக்கத்தால் மட்டும் கேட்கிற பணம் இல்லை இது.

ஆனால் இந்தக் கணக்கை எல்லா விலங்குக்கும் நீட்ட முடியாது. மான் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அடிக்கடி மோதுகிறது, அதனால் கணக்கு கூடிவருகிறது. ஒரு புலிகள் காப்பகச் சாலையில் ஆண்டுக்கு ஒரு புலி அடிபடலாம், இரண்டு ஆண்டு எதுவுமே நடக்காமல் போகலாம். மோதல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தச் சாலைக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. அங்கே இழப்பு வேறு வகை. புலி சாலையைக் கடக்கவே அஞ்சி ஒரு பக்கத்திலேயே தங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கூட்டத்தோடு இனம் கலப்பது நின்றுபோகும். பிணம் விழாத சாலைதான் சில நேரம் மிக மோசமான சாலை. நிதி ஒதுக்கும் விதிமுறை எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

சாலைச் செலவிலேயே எழுதுவது

நேர்மையான வழி இதுதான் என்பது என் எண்ணம். காட்டை வெட்டுகிற திட்டம் எதுவோ, அதன் மதிப்பீட்டிலேயே கடப்புப்பாதைச் செலவும் இருக்க வேண்டும். வடிகால் இல்லாமல் யாரும் சாலைக்கு மதிப்பீடு போடுவதில்லை. அதே மாதிரி இதுவும் சாலையின் ஓர் உறுப்பு என்று ஆகிவிட வேண்டும்.

பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இதற்கு நல்ல சான்று. அதை நான்குவழியாக அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகள் வழக்கில் இழுபட்டது. கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது கடப்பு அமைப்புகள் கட்டினார்கள். சிறியது 50 மீட்டர், பெரியது 750 மீட்டர். முக்கால் கிலோமீட்டருக்குச் சாலை தூண்மேல் போக, அடியில் காடு தன்பாட்டுக்குத் தொடர்கிறது. பக்கவாட்டில் வண்டிச் சத்தத்தையும் விளக்கொளியையும் மறைக்கத் தடுப்புகள் வைத்தார்கள். இந்திய வனவுயிர் நிறுவனம் 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை கேமரா வைத்துப் பார்த்தபோது 18 வகைக் காட்டுவிலங்குகளின் 5,450 படங்கள் பதிவாகின. புலி மட்டும் 89 முறை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னோகுவால்மி கணவாய்ச் சாலையை அகலப்படுத்தும்போது கீச்செலஸ் ஏரிப் பக்கம் ஒரு விலங்குப் பாலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஆனது சுமார் 60 லட்சம் டாலர். அந்தச் சாலைத் திட்டத்தின் மொத்தச் செலவில் அது ஓர் ஓரம். பிரேசிலில் பிஆர்-101 சாலைமேல் பொன்னிறச் சிங்கக்குரங்குகளுக்காக 2020இல் ஒரு மரப்பாலம், அதாவது மரங்கள் வளரும் பாலம், எழுந்தது. சாலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த நிறுவனம், உரிம நிபந்தனையின்படி கட்ட வேண்டியதாயிற்று. அரசுக் கருவூலம் திறக்காமலே வேலை நடந்தது.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். நிபந்தனை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் கட்டுவார்கள், ஒரு முழம் கூடாது. பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். இருக்கிற ஓடைப் பாலத்தையே கொஞ்சம் உயர்த்திவிட்டு 'வனவிலங்குக் கீழ்ப்பாதை' என்று பெயர் எழுதிவிடும் அபாயமும் உண்டு. விலங்கின் தடம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். பெஞ்ச் நன்றாக வந்ததற்குக் காரணம், வழக்கும் அறிவியலாளர்களும் விடாமல் நெருக்கியது. ஒவ்வொரு சாலைக்கும் யாராவது வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது அல்லவா? ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்று சொல்லும் அதிகாரம் சாலை போடுகிறவர் கையில் இல்லாமல் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஏற்கனவே போட்ட சாலைகளுக்கு இந்த வழியில் எதுவும் கிடைக்காது. காட்டுக்குள் போகும் சாலைகளில் பெரும்பாலானவை பழையவை.

தனி நிதி, போட்டி விண்ணப்பம்

பழைய சாலைகளுக்கு அமெரிக்கா 2021இல் ஒரு வழி திறந்தது. அந்த ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தில் விலங்குக் கடப்புகளுக்கென்றே ஐந்து ஆண்டுக்கு 35 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலங்கள், உள்ளாட்சிகள், பழங்குடி அரசுகள் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 60 விழுக்காடு ஊரகப் பகுதிக்குப் போக வேண்டும். பொதுவாகச் செலவில் ஐந்தில் நான்கு பங்கை மத்திய அரசு தரும், ஒரு பங்கை விண்ணப்பிக்கிறவர் போட வேண்டும். 2023 டிசம்பரில் முதல் சுற்றில் 17 மாநிலங்களின் 19 திட்டங்களுக்கு 11 கோடி டாலர் அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் 16 திட்டங்களுக்கு 12.5 கோடி.

இதில் எனக்குப் பிடித்தது, பாலம் கட்ட மட்டும் இல்லாமல் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் பணம் கேட்க முடிகிறது என்பது. எங்கே கட்டுவது என்று தெரியாமலே கட்டுவதைவிட, ஒரு சின்னத் தொகையில் இரண்டு ஆண்டு தடம் பார்த்துவிட்டுக் கட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் போட்டி என்றாலே நல்ல விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஜெயிப்பார். தரவு வைத்திருக்கிற மாநிலத்துக்குப் பணம் வரும். தரவு சேர்க்க ஆள் இல்லாத மாவட்டத்துக்கு வராது, அங்கே விலங்கு எவ்வளவு செத்தாலும். ஐந்தில் ஒரு பங்கைப் புரட்ட முடியாத ஊரும் வெளியே நிற்கும். இன்னொன்று, ஐந்து ஆண்டுக் கெடு. சட்டம் புதுப்பிக்கப்பட்டால்தான் அடுத்த பணம். விலங்கு ஒரு பாலத்தைப் பழகிக்கொள்ளவே ஐந்து ஆண்டு ஆகலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பட்டியல் முதலில், பணம் அப்புறம்

நெதர்லாந்து வேறு மாதிரி செய்தது. நாடு முழுதும் சாலை, ரயில்பாதை, கால்வாய் மூன்றும் இயற்கைப் பகுதிகளை எங்கெங்கே வெட்டுகின்றன என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு 2005 முதல் 2018 வரை ஒரே தேசியத் திட்டமாக அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஜெர்மனியும் 2012இல் இதேபோல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான மறு இணைப்புத் திட்டம் ஒன்றை எடுத்தது.

போட்டி நிதியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். போட்டியில் யார் கேட்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. பட்டியலில் எங்கே தேவை என்பது தீர்மானிக்கிறது. சாலைக்குப் பக்கத்திலேயே ரயில்பாதையும் ஓடினால், சாலைத் துறை தன் பாலத்தைக் கட்டிவிட்டுப் போய்விடும், விலங்கு ரயில்பாதையில் மாட்டிக்கொள்ளும். ஒரே பட்டியல் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டலாம். ஹில்வர்சம் நகருக்குப் பக்கத்தில் 2006இல் திறந்த சாண்டரை க்ரைலோ பாலம் அப்படிப்பட்டது. ரயில்பாதை, சாலை, விளையாட்டு மைதானம், தொழிற்பேட்டை எல்லாவற்றையும் தாண்டி 800 மீட்டர் போகிறது. செலவு சுமார் 1.5 கோடி யூரோ.

பழைய சாலைகளுக்கு எந்த வழி என்று கேட்டால் நான் இதையே சொல்வேன். இதற்கு அரசிடம் பொறுமை வேண்டும், ஆட்சி மாறினாலும் பட்டியல் மாறக் கூடாது. அது எளிது இல்லை. இருந்தாலும் ஒருமுறை வெளியிட்ட பட்டியலுக்கு ஒரு பலம் உண்டு. 'எங்கள் பகுதி பதினான்காவது இடத்தில் இருந்ததே, ஏன் விட்டுவிட்டீர்கள்' என்று மக்கள் கேட்க முடியும்.

நன்கொடையோடு சேர்ந்து

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பத்து வழி நெடுஞ்சாலை ஒன்றின்மேல் கட்டும் வாலிஸ் அன்னன்பர்க் பாலத்தின் வேலை 2022 ஏப்ரலில் தொடங்கியது. ஓர் அறக்கட்டளை 2.5 கோடி டாலர் தந்து, மற்றவர்களையும் தரத் தூண்டியது. மக்களிடமிருந்தும் பணம் வந்தது, மாநில அரசும் போட்டது. தொடக்கத்தில் சொன்ன சுமார் 9 கோடி டாலர் மதிப்பீடு பிறகு 10 கோடியைத் தாண்டியது. இந்தப் பாலத்துக்கு மக்கள் மனதில் இடம் பிடித்துத் தந்தது பி-22 என்ற ஒரு மலைச்சிங்கம். இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளைக் கடந்து நகரத்துப் பூங்காவுக்கு வந்து, துணை கிடைக்காமல் தனியாகவே பத்து ஆண்டு வாழ்ந்து, 2022 டிசம்பரில் முடிந்துபோனது.

அந்தக் கதை என்னையும் உருக்குகிறது. அதனாலேயே இந்த வழியைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்கொடை, முகம் தெரிந்த விலங்கைத் தேடி வரும். பெருநகரத்தைத் தேடி வரும். முள்ளம்பன்றிக்கும் ஆமைக்கும் உடும்புக்கும் வராது. கென்யாவில் மவுண்ட் கென்யா அடிவாரத்தில் யானைகளுக்காக நன்கொடையாளர்கள் உதவியோடு 2011இல் திறந்த சுரங்கப்பாதையில் சில நாளிலேயே யானை நடந்தது. அது அருமையாக வேலை செய்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 14 கிலோமீட்டர் வழித்தடத்தையே வேலியிட்டுக் காத்தார்கள் என்பதுதான். நன்கொடை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நன்கொடை வந்தால்தான் அரசு பணம் தரும் என்ற நிபந்தனை வைத்தால், யாருக்கும் பெயர் தெரியாத காடுகள் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

சரி, பணம் வந்துவிட்டது. எதில் போடுவது?

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஓர் அலசல் சொன்னது இது. வேலி மட்டுமோ, வேலியோடு கடப்புப்பாதையோ இருந்தால் சாலைச் சாவு சராசரியாக 54 விழுக்காடு குறைகிறது. பெரிய பாலூட்டிகளுக்கு வேலியும் கடப்பும் சேர்ந்தால் 83 விழுக்காடு. வேலி இல்லாமல் கடப்புப்பாதை மட்டும் கட்டினால், சாவு குறைந்ததாகக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யோசித்தால் காரணம் எளிது. மான் பாலத்தைத் தேடி நடக்காது, பசித்த பக்கம் நடக்கும். வேலிதான் அதைப் பாலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வேலியின் நீளமும் முக்கியம். ஐந்து கிலோமீட்டருக்குக் குறைந்த வேலிகள் மோதலைச் சராசரியாகப் பாதி அளவுதான் குறைத்தன, அதுவும் இடத்துக்கு இடம் மாறியது. ஐந்துக்கு மேல் போனவை பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன. குட்டை வேலியின் முனையைச் சுற்றிக்கொண்டு விலங்கு சாலைக்கே வந்துவிடுகிறது. ஒரு திட்டத்தில் பாலத்துக்குப் பெரிய தொகையும் வேலிக்குப் பாலத்தின் இரு பக்கமும் இருநூறு மீட்டரும் எழுதியிருந்தால், அதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்வேன்.

ஆனால் வேலி மட்டும் போட்டுக் கடப்பே வைக்காமல் விடுவது இன்னும் கெடுதல். வண்டிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், காடு இரண்டாக நிற்கும். அதற்கு அரசுப் பணத்தில் ஒரு சுவர் கட்டியதாகத்தான் அர்த்தம்.

பாலமா சுரங்கப்பாதையா என்பதை மனிதர் ரசனை தீர்மானிக்கக் கூடாது, விலங்கு தீர்மானிக்க வேண்டும். கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்கா வழியே போகும் நெடுஞ்சாலையில் 6 பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் இருக்கின்றன, இரு பக்கமும் வேலி. மோதல் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, மான் வகைகளுக்கு மட்டும் 96 விழுக்காடு. 1996 முதல் தொடர்ந்து கவனித்ததில் கிரிஸ்லி கரடியும் ஓநாயும் எல்க்கும் மூஸும் அகலமான, திறந்த வெளியையே விரும்பின. கருங்கரடியும் மலைச்சிங்கமும் குறுகலான, மறைவான சுரங்கப்பாதைகளையே தேர்ந்தன. அமெரிக்காவின் வயோமிங்கில் டிராப்பர்ஸ் பாயின்ட் என்ற இடத்திலும் இதேதான். சமவெளியில் கண்ணை நம்பி ஓடுகிற ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு பத்தில் ஒன்பது முறைக்கு மேல் பாலத்தையே எடுத்தது. மியூல் மான் பெரும்பாலும் சுரங்கப்பாதையில் போனது. 2012இல் முடிந்த அந்த வேலையில் இரண்டு பாலம், ஆறு சுரங்கப்பாதை, இருபது கிலோமீட்டர் அளவுக்கு வேலி எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு கோடி டாலர்தான் ஆனது.

அந்த ஒரு கோடியையும் லாஸ் ஏஞ்சலஸின் பத்துக் கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வழிச் சாலை, ஒரு பக்கம் அடைபட்டுக் கிடக்கும் மலைச்சிங்கங்கள், அங்கே வேறு வழி இல்லை. ஆனால் பெரும்பாலான இடம் அப்படிப்பட்டது இல்லை. அங்கெல்லாம் ஒரே பெரிய பாலத்துக்குப் பதில் பல அளவில் பல கடப்புகள் கிடைக்குமானால் அதையே எடுக்க வேண்டும். ஏற்கனவே சாலைக்கு அடியில் இருக்கிற சிறுபாலங்களையும் ஓடைப் பாலங்களையும் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அடைத்துக் கிடக்கும் குப்பையை அள்ளி, ஓரத்தில் நனையாமல் நடக்க ஒரு மேடை போட்டு, வேலியை அங்கே கொண்டுவந்து சேர்த்தாலே சிறு விலங்குகள் போகத் தொடங்கிவிடும். இதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.

மரத்தில் வாழ்கிறவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. ஆனைமலையில் வால்பாறைப் பக்கம் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், அவை ஏறிப் போகின்றன. அதன் செலவு ஒரு கான்கிரீட் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் காணாது. கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கில் வலசை போகும் செந்நண்டுகளுக்கு ஐந்து மீட்டர் உயரப் பாலமே ஒன்று உண்டு. அந்த நாட்களில் சாலையையும் அடைத்துவிடுகிறார்கள்.

எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாலையோரம் நட்டு, வண்டி விளக்கில் மின்னி விலங்கை மிரட்டும் பிரதிபலிப்பான்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன அலசலில் அவை பெரிய பாலூட்டிகளின் சாவைக் குறைத்தது 1 விழுக்காடு. விலங்கு வருவதைக் கண்டுபிடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகள் 57 விழுக்காடு குறைத்தன. அது கணிசம். கோவை மதுக்கரையில் ரயில்பாதையில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களில் கேமரா வைத்ததும் இந்த வகையே. ரயிலில் ஒரே ஓட்டுநரிடம் தகவல் சொன்னால் போதும். சாலையில் ஆயிரம் ஓட்டுநர்கள் நம்பி மெதுவாகப் போக வேண்டும். ஆகவே இது பாலத்துக்கு மாற்று இல்லை, பாலம் வரும்வரை ஒரு காவல்.

கட்டாமலே விடுவது

மேசைமேல் வைக்கவே தயங்குகிற ஒரு வழி உண்டு. இரவில் சாலையை மூடிவிடுவது. கருவூலத்துக்கு மிகக் குறைந்த செலவு, காட்டில் ஒரு செங்கல்கூட விழாது.

பந்திப்பூர் வழியாகக் கோழிக்கோடு, மைசூரு பக்கம் போகும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வண்டிகளுக்குத் தடை. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் விலக்கு. 2010இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் தடையை ஏற்றது. 2018இல் மத்தியச் சாலைத் துறை ஒரு மாற்று சொன்னது. காட்டுக்குள் ஐந்து இடத்தில் தலா ஒரு கிலோமீட்டர் சாலையைத் தூண்மேல் ஏற்றலாம், இடையில் வேலி போடலாம், பிறகு இரவிலும் வண்டி விடலாம். மதிப்பீடு ஏறத்தாழ 500 கோடி ரூபாய். கர்நாடகம் ஏற்கவில்லை.

வயநாட்டுப் பக்கத்து மக்களின் சங்கடத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. காய்கறி லாரி நிற்கிறது, மாணவர் நிற்கிறார், வீட்டுக்குப் போக வேண்டியவர் விடியும்வரை காத்திருக்கிறார். செலவே இல்லை என்று அரசு சொல்லும் வழியில், செலவு முழுக்க இந்த மனிதர்கள் தலையில் விழுகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இருந்தும் இந்த இடத்தில் மூடுவதே சரி என்பேன். யானையும் புலியும் அந்தக் காட்டில் ஐந்து இடத்தில் மட்டும் கடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நடக்கும் கட்டுமானம், கற்குவியல், தொழிலாளர் முகாம், இயந்திரச் சத்தம் எல்லாம் காப்பகத்தின் நடுவே நடக்கும். கட்டி முடித்ததும் இரவுப் போக்குவரத்து கூடும். பெஞ்சில் சரியான வழி இங்கே ஏன் சரியில்லை என்றால், அங்கே சாலை அகலப்படுத்தப்படுவது உறுதியாகிவிட்டது, பகலிரவாக ஓடும் நாட்டின் முதுகெலும்புச் சாலை அது. இங்கே கோணிகொப்பல், குட்டா வழியாக ஒரு மாற்றுச் சாலை இருக்கிறது. அப்படியானால் அரசு தன் பணத்தை அந்த மாற்றுச் சாலையைச் சீராக்குவதிலும், இரவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு வேண்டிய வசதியிலும் போட வேண்டும். சாலையை மூடினால் செலவு மிச்சம் என்று பெட்டியைப் பூட்டிக்கொள்ளக் கூடாது.

கட்டிய பிறகு

பான்ஃபில் கிரிஸ்லி கரடிகள் புதுப் பாலத்துக்குப் பழக ஐந்து ஆண்டுவரை ஆனது. இரண்டாம் ஆண்டில் ஒரு தணிக்கையாளர் வந்து 'கரடி வரவில்லையே, பணம் வீண்' என்று எழுதியிருந்தால் அப்போது அவர் சொன்னது உண்மைபோலத்தான் தெரிந்திருக்கும். கேமராவுக்கும் அதைப் பார்க்கிற ஆளுக்கும் குறைந்தது ஐந்தாறு ஆண்டுச் சம்பளம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். வேலியும் அப்படியே. ஒரு மரம் விழுந்து ஓர் ஓட்டை விழுந்தால், அந்த வழியாகச் சாலைக்குள் வந்த மான் வெளியே போக முடியாமல் வேலிக்குள்ளேயே ஓடிச் சாகும்.

நிலமும் அதே கதை. பாலத்தின் மறுமுனையில் காடு இருக்கிறதென்று நம்பிக் கட்டுகிறோம். பத்து ஆண்டில் அங்கே ஒரு விடுதியும் மதில்சுவரும் வந்துவிட்டால் பாலம் எங்கும் போகாத பாலம். கட்டுமானத்துக்குப் பணம் தரும் அரசு, இரு முனையிலும் நிலத்தை வாங்கியோ ஒப்பந்தத்தாலோ காக்க அதே உத்தரவில் பணம் தர வேண்டும். பாலம் சாலைத் துறைக்கு, நிலம் வனத் துறைக்கு என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒரே ஆண்டில் நடக்காது.

புதுச் சாலைகள் எல்லாம் தம் கடப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும், அதில் பொதுநிதி ஒரு பைசாவும் போகக் கூடாது. அப்படி வைத்துக்கொண்டு, பழைய சாலைகளுக்காக ஓர் அரசிடம் நூறு பங்குப் பணம் இருக்கிறது, எப்படிப் பிரிப்பாய் என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பத்துப் பங்கு தடம் பார்க்கவும் பட்டியல் போடவும். நாற்பது பங்கு வேலிக்கும், இருக்கிற சிறுபாலங்களைத் திருத்தவும், மரங்களுக்கு இடையே தொங்குபாலம் கட்டவும். இருபத்தைந்து பங்கு புதுச் சுரங்கப்பாதைகளுக்கும், வேறு வழியே இல்லாத ஓரிடத்தில் ஒரு பாலத்துக்கும். பத்துப் பங்கு இருமுனை நிலத்துக்கு. மீதிப் பதினைந்தை யாரும் தொட முடியாத ஒரு கணக்கில் போட்டுவைப்பேன், ஆறாம் ஆண்டில் வேலியில் ஓட்டை விழும்போது எடுக்க.